விருப்பத்தின் பேரில்

துணி தேய்க்கும் சூடான உருளைக்கு முன்னால் நிற்பவர்களுக்கு மழைக்காலம் என்று ஒன்று கிடையாது. வெளியே தகரக் கூரைமேல் மழை கொட்டும். உள்ளே நீராவி முகத்தில் அடிக்கும். ஊரிலிருந்த ஓட்டல்களின் படுக்கை விரிப்புகள் எல்லாம் அந்த லாண்டரிக்குத்தான் வந்தன. துவைத்துப் பிழிந்து வரும் விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, ஒரே மூச்சில் உதறி, சுருக்கம் விழாமல் உருளையின் வாய்க்குக் கொடுக்க வேண்டும். கொஞ்சம் கோணினாலும் போயிற்று. விரிப்பு மடிப்போடு வெந்து வெளியே வரும், மறுபடி துவைக்க வேண்டும்.

கொடுக்கிற பக்கத்தில் அக்காவும் ரேடியோவும் நின்றார்கள். அக்காவுக்கு அந்தக் கூடத்தில் வேறு பெயர் கிடையாது. அவளைவிட மூத்த துவைப்புக்காரர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ரேடியோவுக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றால் போதும்.

அன்று துணி அதிகம். ஏதோ ஓட்டலில் மாநாடாம். அக்கா கூடைக்குள் குனிந்தாள், நிமிர்ந்தாள், உதறினாள், கொடுத்தாள். எப்போது விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது. உருளை ஒரு மாதிரி முனகியது. பிறகு கூடம் முழுக்கக் கோதுமை வறுக்கிற வாசனை.

அக்காவின் கை தானாக நெஞ்சுக்குப் போனது. சட்டைக்குள் இடது பக்கம் காலியாக இருந்தது.

போன வருஷம் அந்தப் பக்கத்து மார்பை எடுத்துவிட்டார்கள். கட்டி, சோதனை, அறுவை, மருந்து என்று எல்லாம் முடிந்து, முடிகூட மறுபடி வளர்ந்துவிட்டது. அரசு ஆஸ்பத்திரியில் அந்த இடத்தில் வைத்துக்கொள்ள ஒரு பஞ்சுத் திண்டு கொடுத்தார்கள். அதில் கனமே இல்லை. இரண்டு விரிப்பு உதறுவதற்குள் கழுத்துக்கு ஏறிவிடும். அதனால் அவளே ஒரு துணிப்பை தைத்து, பஞ்சோடு எடைக்குக் கொஞ்சம் கோதுமையும் போட்டு உள்ளே வைத்துக்கொண்டு வந்தாள். அதுதான் இப்போது ஓட்டல் விரிப்போடு உருளைக்குள் போய்விட்டது.

சூப்பர்வைசர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தார்.

"என்ன வாசனை இது? என்னத்த உள்ள விட்டீங்க?"

"ஒத்தடப் பொட்டணம் சார்," என்றாள் ரேடியோ. "தோள் வலிக்குதுன்னு நான்தான் கட்டிக்கிட்டு வந்தேன். அவுந்து விழுந்துடுச்சு."

"கோதுமையிலயா ஒத்தடம் குடுப்பாங்க?"

"வீட்ல மணல் இல்ல சார்."

மடிக்கிற பக்கத்திலிருந்து யாரோ சிரித்தார்கள். சூப்பர்வைசரும் சிரித்துவிட்டு, பிறகு ஞாபகம் வந்தவர் போல முகத்தை இறுக்கிக்கொண்டு போனார். அவருக்கு அக்காவின் விஷயம் தெரியாது. வயிற்றில் ஏதோ சின்ன ஆபரேஷன் என்றுதான் லீவு சொல்லியிருந்தாள்; முடி கொட்டியதை வேலையில் கட்டும் தலைத்துணி மறைத்துவிட்டது. யார் கேட்டாலும் 'நல்லா இருக்கேன்' என்று சொல்ல வேண்டும் என்பது வீட்டில் பேசி வைத்தது. உடம்புக்கு முடியாதவளை யார் உருளை முன்னால் நிறுத்துவார்கள்?

தேநீர் நேரத்தில் ரேடியோ அதைக் கொண்டுவந்து கொடுத்தாள். தட்டையாக, ஓரம் பழுப்பேறி, இன்னும் சூடாக இருந்தது.

"இந்தா. அயர்ன் பண்ணியாச்சு. கவர்ல போட்டுக் குடுத்திருந்தா ஓட்டல்காரன் ரூம் பில்லுல சேத்திருப்பான்."

அக்கா வெகுநேரம் சிரித்தாள். பிறகு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"உதறும்போதெல்லாம் ஒரு கை அங்கயே போகுதுடி. எனக்கு வேலைக்கு ரெண்டு கையும் வேணும்."

"அப்ப அந்த ஆபரேஷனப் பண்ணிக்க வேண்டியதுதானே? உள்ளயே வெச்சுத் தைக்கிறது. உன் தங்கச்சி சொல்லிக்கிட்டே இருக்காளே."

"அது பணக்காரங்க பண்றது."

"நம்ம சம்பளத்துல மாசா மாசம் இன்சூரன்ஸுக்குப் பிடிக்கிறான்ல? அது யாருக்காம், உருளைக்கா?"

*

தங்கை மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். நாள் முழுக்க யாருக்காவது 'இது தெரியுதா, இப்ப தெரியுதா' என்று கேட்டுக்கொண்டிருப்பவள். அதனால் எதையும் விளக்கமாகக் கேட்டு வாங்கும் பொறுமை அவளுக்கு உண்டு. கல்யாணம் ஆகும்வரை அக்கா வீட்டில்தான் இருப்பேன் என்று வந்தவள், கல்யாணத்தைப் பற்றிய பேச்சை நிறுத்திவிட்டு அங்கேயே இருந்தாள். அவள்தான் ஆஸ்பத்திரியில் நேரம் வாங்கினாள். அக்காவின் கணவர் பெயிண்டர். மழையில் வெளிச்சுவர் வேலை இல்லாததால் அவரும் கூட வந்தார்.

டாக்டரம்மா படம் வரைந்து காட்டினார். முதலில் ஒரு காலிப் பையை உள்ளே வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரவம் ஏற்றித் தோலை இழுப்பார்கள். தோல் இடம் கொடுத்த பிறகு இன்னொரு அறுவையில் அதை எடுத்துவிட்டு நிலையான பையை வைப்பார்கள்.

"நிலையானதுன்னு பேருக்குத்தான். ஆயுசுக்கும் வராது. இறுகிப் போகலாம், கசியலாம். பின்னாடி மாத்த வேண்டியிருக்கலாம். இப்பவே சொல்லிடறேன்."

பெயிண்டர் தலையாட்டினார். "எந்தப் பூச்சும் அப்படித்தாங்க. முதல்ல பட்டி பாக்கணும், அப்புறம் பிரைமர், அப்புறம் பெயிண்ட். அதுவும் சில வருஷந்தான்."

"மாமா, கொஞ்சம் சும்மா இருங்க," என்றாள் தங்கை.

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் உடனே பேனாவைக் கீழே வைத்துவிட்டு அக்காவை நேராகப் பார்த்தார். "ஒண்ணு கேக்கணும். இது உங்க விருப்பமா?"

அக்கா கணவர் பக்கம் திரும்பினாள்.

"அவரைப் பாக்காதீங்கம்மா. தங்கச்சியையும் பாக்காதீங்க. வீட்டுக்காரர் சொன்னார், சொந்தக்காரங்க சொன்னாங்கன்னு வர்றவங்களுக்கு நான் பண்றதில்ல. உங்களத்தான் கேக்கறேன். உங்க விருப்பமா?"

அக்கா படித்த பள்ளியை அப்பா முடிவு செய்தார். பாதியில் நிறுத்தியதும் அவர்தான். லாண்டரி வேலையை மாமியார் பார்த்துக் கொடுத்தார். போன வருஷத்து அறுவைக்குக்கூட, காகிதத்தை அவளிடம் நீட்டாமல் பெயிண்டரிடம்தான் கையெழுத்து வாங்கினார்கள். இந்த மாதிரி ஒரு கேள்வியை இதற்கு முன் யார் கேட்டார்கள் என்று அவள் யோசித்துப் பார்த்திருக்க வேண்டும். பதில் வர நேரமானது.

"என் விருப்பம்தாங்க," என்றாள்.

"நல்லது. இதத்தான் நான் கேக்கணும்னு நினைச்சேன். யார் கேட்டாலும் இப்படியே தெளிவா சொல்லுங்க."

அக்காவின் காது சிவந்துவிட்டது. பரீட்சையில் முதல் முறையாகச் சரியான விடை எழுதியவள் போல வெளியே வந்தாள்.

ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேசையில் இருந்த அம்மாவுக்குச் சளி. வெந்நீரை உறிஞ்சிக்கொண்டே, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்.

"அழகுக்குப் பண்றதுன்னா பைசா கிடையாது. நோயில போனதத் திருப்பி வைக்கிறதுன்னா உண்டு. ஆனா முழுசா இல்ல. ரூமுக்கு ஒரு வரம்பு, உள்ள வைக்கிற பைக்கு ஒரு வரம்பு. அதுக்கு மேல போனா உங்க கை. மொத்தத்துலயும் ஒரு பங்கு உங்களது."

"ரெண்டு ஆபரேஷனுக்கும் சேத்துத்தானே மேடம்?" என்றாள் தங்கை.

"தனித்தனி. ஒவ்வொண்ணுக்கும் முன்கூட்டியே அனுமதி வாங்கணும். அந்தப் பக்கத்துக்குச் சமமா இந்தப் பக்கத்த ஏதாவது பண்ணச் சொன்னா, அது தனிக் கேள்வி."

"பின்னாடி கெட்டுப்போய் மாத்தணும்னா?"

"அப்ப உங்களுக்கு எந்த இன்சூரன்ஸ் இருக்கோ அவங்களக் கேக்கணும். இருந்தா." அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அனுமதி வர்றதுக்கு முன்னாடி எதுக்கும் பணம் கட்டாதீங்க. நாங்க அனுப்பிடறோம். இன்சூரன்ஸ் கம்பெனியிலேருந்து போன் பண்ணி விசாரிப்பாங்க. எடுங்க."

திரும்பி வரும்போது மழை விட்டிருந்தது. மூவரும் சாலையோரக் கடையில் முட்டையும் ரொட்டியும் சாப்பிட்டார்கள். பெயிண்டர் மெதுவாகச் சொன்னார்: "எனக்காகன்னு நினைச்சுப் பண்ணிக்காத. எனக்கு நீ எப்படி இருந்தாலும் ஒண்ணுதான்."

"தெரியும். உங்களுக்காக இல்ல."

அவர் முகம் கொஞ்சம் வாடியது. அக்கா தன் தட்டிலிருந்த முட்டையில் பாதியை அவர் தட்டில் வைத்தாள்.

"யாராவது பாசமா கட்டிப் பிடிச்சாங்கன்னா, நான் அந்தப் பக்கத்தப் பின்னாடி இழுத்துக்கறேன். அவங்க என்னமோ நினைச்சுக்கறாங்க. குப்புறப் படுக்க முடியல. வேலையில வேற யார் பாப்பாங்களோன்னு இருக்கு. இது போதாதா?"

"போதும்மா போதும். நான் என்ன வேண்டாம்னா சொன்னேன்?"

*

போன் வந்தபோது அக்கா உருளை முன்னால் இருந்தாள். அங்கே போன் எடுக்கக் கூடாது. ரேடியோ, "போ, நான் பாத்துக்கறேன்," என்று விரிப்பின் இரண்டு முனையையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஆனால் சூப்பர்வைசர் அப்போதுதான் அழுக்குக் கூடைகளை எண்ணுவதற்காகப் பக்கத்தில் வந்து நின்றார். அக்கா சுவரோரம் ஒதுங்கினாள். அதற்கு மேல் ஒதுங்க இடமில்லை.

ஒரு ஆண் குரல். நல்ல மரியாதையான குரல். பேசுவது பதிவாகிறது என்று முதலில் சொன்னார். பெயர், பிறந்த தேதி எல்லாம் கேட்டார். பிறகு, "இப்ப உடம்பு எப்படிம்மா இருக்கு?"

சூப்பர்வைசர் கூடை எண்ணுவதை நிறுத்தியிருந்தார்.

"நல்லா இருக்கேங்க."

"நோய் சம்பந்தமா ஏதாவது தொந்தரவு இருக்கா?"

"ஒண்ணுமில்லீங்க. எல்லாம் சரியாயிடுச்சு."

"வலி, வீக்கம், வேலை செய்யறதுல சிரமம்?"

"அதெல்லாம் இல்லீங்க. எப்பவும் போலத்தான் இருக்கேன்."

"சரிம்மா. அப்ப இந்த ஆபரேஷன் நோய்க்காக அவசியம்னு பண்றீங்களா, இல்ல உங்க விருப்பத்துல பண்றீங்களா?"

இந்தக் கேள்விக்கு அவளிடம் விடை இருந்தது. அவள் நிமிர்ந்து நின்றாள்.

"என் விருப்பம்தாங்க. யாரும் சொல்லிப் பண்ணிக்கல."

"ரொம்ப நன்றிம்மா," என்றது குரல்.

அன்று சாயங்காலம் அவளே சமைத்தாள். தங்கை வந்ததும் நடந்ததை ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். "திக்கவே இல்லடி. டாக்டரம்மா சொன்ன மாதிரியே தெளிவா சொல்லிட்டேன்." தங்கை செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். 'என் விருப்பம்' என்ற இடம் வந்தபோது அவள் முகம் மாறியதை அக்கா கவனிக்கவில்லை. அடுப்பில் சோறு பொங்கியது. அதை இறக்கப் போய்விட்டாள்.

பதில் தங்கையின் போனுக்குத்தான் வந்தது. அவள் அதைப் பெயிண்டரிடம் முதலில் காட்டினாள். பெயிண்டர் கையில் படிந்திருந்த சுண்ணாம்பைத் துடைத்துவிட்டு, உதட்டை அசைத்து இரண்டு தரம் படித்தார்.

"என்னவாம்?" என்றாள் அக்கா.

தங்கை படித்தாள். "நோயாளி முழுமையாகக் குணமடைந்துள்ளார். கோரப்பட்ட அறுவை சிகிச்சை நோயாளியின் சொந்த விருப்பத்தின் பேரில் செய்யப்படுவது. இத்தகைய சிகிச்சைக்குக் காப்பீடு பொருந்தாது."

"நான் சொன்னதத்தானே எழுதியிருக்காங்க?"

"ஆமாக்கா. நீ சொன்னதையேதான்."

"அப்ப டாக்டரம்மா எதுக்குக் கேட்டாங்க?"

"அவங்க கேட்டது வேறக்கா. உன்ன யாரும் கட்டாயப்படுத்தலயேன்னு கேட்டாங்க. இவங்க கேட்டது வேற."

"வார்த்தை ஒண்ணுதானேடி?"

பெயிண்டர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். சாரல் அடிக்கவில்லை. ஏதாவது செய்ய வேண்டியிருந்தது.

*

மேல்முறையீடு என்று ஒன்று உண்டு என்று காப்பீட்டு மேசை அம்மா சொன்னார். சளி போய்விட்டிருந்தது, இந்த முறை நிமிர்ந்து பார்த்துப் பேசினார். டாக்டரம்மா இரண்டு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தார். நோயில் இழந்ததைத் திருப்பி அமைப்பது சிகிச்சையின் பகுதி, அழகுக்கானது அல்ல என்று அழுத்திச் சொல்லியிருந்தார். ஆனால் அது மட்டும் போதாது என்றார் மேசை அம்மா. "பதிவுல அவங்க குரல் இருக்கே. ஒரு சிரமமும் இல்லன்னு அவங்களே சொல்லியிருக்காங்க. வேலை பாக்குற இடத்துலேருந்து, இதனால வேலை பாதிக்குதுன்னு எழுதி வாங்குங்க. அப்ப மறுபடி போன் பண்ணுவாங்க. இந்தத் தடவை உள்ளத உள்ளபடி சொல்லச் சொல்லுங்க."

அதனால் அக்கா சூப்பர்வைசரிடம் போக வேண்டியதாயிற்று. ரேடியோவும் கூட வந்து கதவோரம் நின்றாள். சொல்ல ஆரம்பித்த அக்கா பாதியில் நிறுத்திவிட, மீதியை ரேடியோ சொன்னாள். சூப்பர்வைசர் மேசைமேல் இருந்த பட்டன் டப்பாவை மூடி மூடித் திறந்தார்.

"அன்னிக்கு ஒத்தடப் பொட்டணம்னு..."

"அதுதான் சார்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா. நான் என்ன ராட்சசனா?" டப்பாவைத் தள்ளி வைத்தார். "எழுதித் தர்றேன். எனக்கு ஒண்ணும் நஷ்டமில்ல. ஆனா யோசிச்சுக்க. வேலை செய்ய முடியலன்னு என் கைப்பட எழுதிக் குடுத்துட்டு, மறுநாள் உன்ன உருளை முன்னாடி எப்படி நிறுத்தறது? நாளைக்கு உன் கை உள்ள மாட்டிச்சுன்னா, தெரிஞ்சே ஏன் நிறுத்தினேன்னு மேல கேப்பான்."

"மடிக்கிற பக்கம் போட்டுடுங்க சார்," என்றாள் ரேடியோ.

"அங்க ஆள் குறைக்கப் போறாங்க. மடிக்கிறதுக்கு மெஷின் வருது, தெரியாதா உனக்கு?"

"அப்ப?"

"அப்ப வீட்லதான் இருக்கணும். வேலையில இருக்கிற வரைக்குந்தான் இந்த இன்சூரன்ஸ். பேர எடுத்துட்டா அதுவும் போச்சு." அவர் குரல் தணிந்தது. "நான் மிரட்டலம்மா. இருக்கிறத சொல்றேன்."

ரேடியோ அன்று மீதி நேரம் முழுக்க ஒரு வார்த்தையும் பேசவில்லை. மடிக்கிற பக்கத்திலிருந்தவர்கள் அவளுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள். இருவரும் விரிப்பை உதறினார்கள், கொடுத்தார்கள், குனிந்தார்கள்.

"நோயாளின்னா வேலை இல்ல. வேலை இல்லன்னா இன்சூரன்ஸ் இல்ல. நோயாளி இல்லன்னா இன்சூரன்ஸ்ல எடமில்ல," என்று வீட்டில் தங்கை விரல்விட்டுச் சொன்னாள். "எவன்க்கா இத எழுதினான்?"

"எழுதினவன் வீட்லயும் பொம்பளைங்க இருப்பாங்க," என்றார் பெயிண்டர்.

"இருந்து?"

பெயிண்டர் கடன் வாங்கலாம் என்றார். எவ்வளவு என்று தங்கை சொன்னதும், இன்னொரு முறை கேட்டுவிட்டு, பின்னால் பையை மாற்றும்போது மறுபடியும் இவ்வளவா என்றார். அதற்குப் பிறகு கடனைப் பற்றி யாரும் பேசவில்லை.

தங்கை ஒரு வழி கண்டுபிடித்தாள். சூப்பர்வைசர் கடிதம் வேண்டாம். டாக்டரம்மா எழுதியதை மட்டும் அனுப்பலாம். போன் வரும்போது அக்கா வாயால் சொன்னால் போதும்; போனில் சொல்வது லாண்டரிக்கு எங்கே தெரியப் போகிறது? தோள் இழுக்கிறது, தூக்கமில்லை, வேலை செய்ய முடியவில்லை. எல்லாம் உண்மைதானே. இரண்டு நாள் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தாள்.

*

விடுமுறை நாள் பகலில் போன் வந்தது. தங்கை ஸ்பீக்கரைப் போட்டு மேசைமேல் வைத்தாள். மூவரும் சுற்றி உட்கார்ந்தார்கள். இந்த முறை ஒரு பெண் குரல். சின்ன வயசு. பின்னால் வேறு பல குரல்கள், எல்லாம் ஒரே மாதிரி மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தன.

"சாப்ட்டீங்களாம்மா?" என்றாள் அந்தப் பெண். அது அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததில் இருந்திருக்காது.

"சாப்ட்டேம்மா. நீ?"

"இனிமேதான்." அவள் தொண்டையைச் செருமினாள். "டாக்டர் லெட்டர் பாத்தோம். சில கேள்வி கேக்கணும். தூக்கம் எப்படி இருக்கு?"

தங்கை தலையை ஆட்டினாள். அக்கா, "சரியா இல்லம்மா. அந்தப் பக்கம் இழுக்குது," என்றாள். தங்கை கண்களை மூடித் திறந்தாள். பெயிண்டர் விரலால் மேசையில் மெல்லத் தட்டினார், சபாஷ் என்பது போல.

"தோள் வலி?"

"இருக்கு. கனமா தூக்கினா."

"ஓகேம்மா. அடுத்து, உங்க வேலைய எப்பவும் போல செய்ய முடியுதா? இதுக்கு ஆமா இல்லன்னு மட்டும் சொல்லுங்க. ஏன்னா உங்க பதில நாங்க உங்க ஆபீஸுக்கு அனுப்பி உறுதி பண்ணிப்போம். குரூப் இன்சூரன்ஸ்ல அதுதான் முறை."

தங்கையின் தலை ஆடவில்லை. பெயிண்டரின் விரல் நின்றது. அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இருவரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"வேலை செய்ய முடியுதாம்மா?"

"முடியுது," என்றாள் அக்கா.

அந்தப் பெண் சற்றுத் தயங்கினாள். "முடியுதுன்னு போட்டுடட்டுமா?" என்று கேட்டாள், வேறு ஏதாவது சொல்லுங்களேன் என்பது போல.

"போட்டுக்கோம்மா."

விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. வேறு உதவி ஏதாவது வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றாள் அக்கா. நேரத்துக்குச் சாப்பிடு என்றாள். குரல் போய், ஒரு இயந்திரக் குரல் வந்தது. எங்கள் சேவையில் நீங்கள் எவ்வளவு திருப்தி அடைந்தீர்கள்? மிகவும் திருப்தி என்றால் ஐந்தை அழுத்தவும்.

தங்கை அணைக்கக் கை நீட்டினாள். அதற்குள் அக்கா குனிந்து, எண்ணைத் தேடி, ஐந்தை அழுத்திவிட்டாள்.

"என்னக்கா பண்ற நீ!"

"அந்தப் பொண்ணு சம்பளத்துல பிடிப்பாங்கடி," என்றாள் அக்கா. "அவ நல்லாத்தான் பேசினா."

நன்றி என்றது இயந்திரம். உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம் என்றது. பெயிண்டர் எழுந்து கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். மூன்று டம்ளரிலும் ஊற்றினார்.